வழுவா, வழுவமைதியா?

அஞ்சலட்டையில் வரும் வாசகர் கடிதங்களை நான் முதலில் படித்துவிடுவது வழக்கம். இடம் குறைவு என்பதால் எழுதுகிறவர் சுற்றி வளைக்க முடியாது. 2016-இல் வந்த ஓர் அட்டையில் ஆறே வரிகள்தான் இருந்தன. எழுதியவர் மும்பையில் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளி ஒன்றில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த ஆறு வரிகளுக்கு நான் அப்போது எழுதிய பதில் எனக்கே திருப்தியாக இல்லை. போன வாரம் அதே ஆங்கிலச் சொல் மறுபடியும் என் மேஜைக்கு வந்து சேர்ந்ததால் அட்டையைத் தேடி எடுத்து வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். வட மாநிலம் ஒன்றில் திருட்டு வழக்கில் விசாரணைக்கு அழைத்துச் செல்லப்பட்ட இளைஞர் போலீஸ் காவலில் இறந்துபோனார். உடம்பெல்லாம் காயம். நிருபர் ஆங்கிலத்தில் அனுப்பிய காப்பி இரவு பதினொரு மணிக்கு என்னிடம் வந்தது. அதில் உயர் அதிகாரி ஒருவரின் கருத்து இருந்தது: நடந்தது வருந்தத்தக்கது, ஆனால் இது ஒரு 'அபரேஷன்'. (புதிதாகச் சேர்ந்திருந்த பயிற்சி சப்-எடிட்டர் அதை 'ஆபரேஷன்' என்று படித்துவிட்டு, காயம்பட்டவருக்கு அறுவைச் சிகிச்சை நடந்ததா என்று கேட்டார். சிரிக்கக்கூட நேரமில்லை.) பக்கம் அச்சுக்குப் போக இருபது நிமிடம்தான் இருந்தது. 'இது விதிவிலக்கான சம்பவம் என்றார் அவர்' என்று எழுதி அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

பத்து நாள் கழித்து அஞ்சலட்டை வந்தது. 'அன்புடையீர், வணக்கம். விதிவிலக்கு என்பது விதியே பார்த்துக் கொடுக்கிற விலக்கு. பார்வையில்லாத மாணவனுக்கு வரைபடக் கேள்வியிலிருந்து விலக்கு உண்டு. சிறு வியாபாரிக்கு வரிவிலக்கு உண்டு. அந்தப் பையனை அடித்துக் கொல்ல எந்த விதி, யாருக்கு விலக்கு கொடுத்தது என்று தெரிவித்தால் நன்றியுடையவனாவேன்.'

அன்று முழுவதும் வேலை ஓடவில்லை. அதிகாரி சொல்லாத ஒன்றை நான் சொல்ல வைத்துவிட்டேனா? அல்லது அவர் மனதில் இருந்ததை அவரைவிடத் தெளிவாகச் சொல்லிவிட்டேனா? இரண்டாவது சந்தேகம்தான் அதிகம் தொந்தரவு செய்தது.

அந்த ஆங்கிலச் சொல்லின் பூர்விகம் லத்தீன். 'எர்ராரே' என்றால் அலைதல். முன்னால் ஒட்டியிருக்கும் 'அப்' என்பதற்கு விட்டு விலகி, அப்பால் என்று பொருள். ஆக, வழியை விட்டு அப்பால் அலைந்து போவது. ஆங்கிலத்தில் பிழையைக் குறிக்கும் 'எரர்', புத்தகத்தின் கடைசியில் ஒட்டும் பிழைதிருத்தப் பட்டியலான 'எர்ராட்டா' எல்லாம் இதே வேரில் வந்தவை. ஆனால் வேரில் குற்றம் எதுவும் இல்லை. ஐரோப்பாவின் பழைய கதைகளில் குதிரையேறி ஊர் ஊராகச் சாகசம் தேடிப் போகும் வீரனை 'நைட் எர்ரன்ட்' என்பார்கள். அவனைத் தவறு செய்த வீரன் என்று மொழிபெயர்த்தால் கதையே கெட்டுவிடும். அவன் வெறுமனே அலைகிறவன்.

இதே வேலையைச் செய்யும் சொல் ஒன்று தமிழில் இருப்பதை எம்.ஏ. முடித்துப் பல வருடம் கழித்துத்தான் கவனித்தேன். ஊரெல்லாம் திரிகிறான் என்றால் அலைகிறான். பால் திரிந்துவிட்டது என்றால் கெட்டுவிட்டது. மண்ணும் குடமும் சேர்ந்து மட்குடம் ஆகும்போது ணகரம் டகரமாகத் திரிந்தது என்கிறோம். அதில் அலைச்சலும் இல்லை, கெடுதலும் இல்லை, இயல்பான மாற்றம்தான். பிறழ்தலும் இப்படித்தான். இன்று நெறி பிறழ்ந்தவன், நாக்குப் பிறழ்ந்தவன் என்று வசவாகவே பயன்படுத்துகிறோம். பழைய பாட்டுகளில் குளத்து மீன் பிறழும். துள்ளிப் புரண்டு மின்னுகிறது என்று அர்த்தம். தப்பு என்ற சொல்லைக் கேட்கவே வேண்டாம். தப்பு செய்வதும் தப்பித்துப் போவதும் ஒரே சொல்லில் அடங்கியிருப்பதற்கு நம் முன்னோர்களின் அனுபவம் காரணமோ என்னவோ.

இத்தனை சொற்கள் இருந்தும் எனக்கு 'விதிவிலக்கு'தான் கைக்கு வந்தது. காரணம், அதில் உறுத்தல் இல்லை. செய்தியில் வழவழப்பாக உட்கார்ந்துகொள்ளும்.

ஆங்கிலத்தில் இதற்குப் பக்கத்து வீட்டுச் சொல் 'டீவியேஷன்'. 'வியா' என்றால் பாதை, பாதையிலிருந்து விலகுவது. பள்ளிக் கணக்குப் புத்தகத்தில் அது திட்ட விலக்கம். அங்கே சராசரியிலிருந்து தள்ளி நிற்பது யாருடைய குற்றமும் அல்ல, அளந்து எழுத வேண்டிய ஓர் எண். அதே சொல் நகராட்சி அலுவலகத்துக்கு வந்தால் அனுமதி வாங்கிய வரைபடத்தை மீறி நீட்டிய பால்கனி. தமிழில் உடனே 'விதிமீறல் கட்டடம்' ஆகிவிடும்.

ஆனால் 'அபரேஷன்' எல்லாருக்கும் கிடைக்கிற சொல் அல்ல. பிக்பாக்கெட் அடித்தவன் கோர்ட்டில் நின்று, 'ஐயா, அது என் வாழ்க்கையில் ஒரு அபரேஷன்' என்று சொன்னதாக இத்தனை வருடத்தில் ஒரு காப்பியிலும் நான் மொழிபெயர்த்ததில்லை. அவனுக்கென்று சட்டம் வேறு சொல் வைத்திருக்கிறது: 'ஹேபிச்சுவல் அஃபெண்டர்', வாடிக்கைக் குற்றவாளி. தனி மனிதனுடைய தவறு வாடிக்கை, அமைப்பினுடைய தவறு பிறழ்வு. யாரும் உட்கார்ந்து திட்டம் போட்டு இப்படிப் பிரித்ததாகத் தெரியவில்லை. பேசிப் பேசி அப்படி ஆகிவிட்டது.

விஞ்ஞானிகள் இந்தச் சொல்லை வேறு மாதிரி பயன்படுத்துகிறார்கள். நம் பாடநூல்களில் நிறப்பிறழ்ச்சி, கோளப்பிறழ்ச்சி என்று வருவது இதுதான். 1720-களின் கடைசியில் ஜேம்ஸ் பிராட்லி என்ற ஆங்கிலேய வானியலாளர் ஒரு நட்சத்திரம் தன் இடத்திலிருந்து வருடம் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, வருடக் கடைசியில் புறப்பட்ட இடத்துக்கே வருவதைக் கண்டார். அலைந்தது நட்சத்திரம் அல்ல. மழையில் வேகமாக நடக்கும்போது நேராக விழும் மழை எதிரிலிருந்து சாய்ந்து வருவது போலத் தோன்றும், குடையை முன்பக்கம் சாய்ப்போம் அல்லவா? அது போல, பூமி ஓடிக்கொண்டிருப்பதால் நட்சத்திரத்தின் ஒளி சாய்ந்து வருவதாகத் தெரிந்தது. அதற்குத்தான் 'ஒளியின் அபரேஷன்' என்று பெயர். பார்க்கப்பட்டது விலகவில்லை, பார்த்தவரின் கால்தான் நகர்ந்துகொண்டிருந்தது.

இதைவிட எனக்குப் பிடித்தது ஹப்பிள் தொலைநோக்கியின் கதை. 1990 ஏப்ரலில் அதை விண்ணில் ஏவினார்கள். 2.4 மீட்டர் விட்டமுள்ள கண்ணாடி. அதுவரை அவ்வளவு வழவழப்பாக எந்தக் கண்ணாடியும் தேய்க்கப்பட்டதில்லை என்று பெருமைப்பட்டுக்கொண்டார்கள். படங்கள் வர ஆரம்பித்ததும் பெருமை கலைந்தது. நட்சத்திரங்கள் புள்ளியாகத் தெரியாமல் மங்கலாகப் பரவித் தெரிந்தன. கண்ணாடியின் விளிம்பு இருக்க வேண்டியதைவிட சுமார் 2.2 மைக்ரான், அதாவது தலைமுடியின் தடிமனில் ஐம்பதில் ஒரு பங்கு, அதிகத் தட்டையாக இருந்தது. கோளப்பிறழ்ச்சி.

விசாரணைக் குழு உட்கார்ந்தது. ஒருநாள் எவரோ தூக்கக் கலக்கத்தில் செய்த பிழையாக இருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அப்படி இல்லை. கண்ணாடியின் வடிவத்தைச் சோதிப்பதற்கென்றே செய்த கருவியில் ஒரு லென்ஸ் 1.3 மில்லிமீட்டர் தள்ளிப் பொருத்தப்பட்டிருந்தது. அந்தக் கருவியை நம்பி, அது காட்டியபடியே, மிக மிகத் துல்லியமாக, தப்பான வடிவத்துக்கு வருடக்கணக்கில் தேய்த்திருக்கிறார்கள். இன்னும் ஒன்று. வேறு இரண்டு சோதனைக் கருவிகள் பிழை இருப்பதைக் காட்டத்தான் செய்தன. அவை அவ்வளவு நம்பகமானவை அல்ல என்று அந்த முடிவுகளை ஒதுக்கிவிட்டார்கள். 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் மேலே போய், அந்தப் பிறழ்ச்சிக்கு நேர் எதிரான பிறழ்ச்சி கொண்ட கண்ணாடிகளைப் பொருத்திச் சரிசெய்தார்கள். எவ்வளவு பிறழ்ந்திருக்கிறது என்று அளந்து வைத்திருந்ததால்தான் அது முடிந்தது.

ஒரு விஞ்ஞானி 'இது அபரேஷன்' என்றால் கருவிகளைக் கழற்றிப் பார்க்கப் போகிறார் என்று அர்த்தம். ஓர் அதிகாரி சொன்னால் கேள்வி நேரம் முடிந்தது என்று அர்த்தம்.

சட்டத்தின் பக்கம் வருவோம். அஞ்சலட்டை வந்த அடுத்த வருடமே இந்தச் சொல் சுப்ரீம் கோர்ட்டிலிருந்து வந்தது. 24 ஆகஸ்ட் 2017. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்ன புட்டசாமி வழக்கின் தீர்ப்பு. போகிற போக்கில் அது இன்னொரு பழைய கணக்கையும் தீர்த்தது. நெருக்கடி நிலையின்போது, 28 ஏப்ரல் 1976 அன்று, ஏ.டி.எம். ஜபல்பூர் வழக்கில் சுப்ரீம் கோர்ட் கொடுத்த தீர்ப்பை ரத்து செய்தது. தனக்கும் மற்ற மூன்று நீதிபதிகளுக்கும் சேர்த்து எழுதிய டி.ஒய். சந்திரசூட் அதில் ரத்து செய்தது தன் தந்தை ஒய்.வி. சந்திரசூட்டும் சேர்ந்து கொடுத்த தீர்ப்பை என்பதால் எல்லாப் பத்திரிகைகளும் தந்தை-மகன் கோணத்தையே தலைப்பாக்கின. நான் தனியாக எழுதப்பட்ட நீதிபதி சஞ்சய் கிஷன் கௌலின் தீர்ப்பில் சிக்கிக்கொண்டேன். ஏ.டி.எம். ஜபல்பூர் தீர்ப்பு நம் அரசியல் சட்ட வரலாற்றில் ஓர் அபரேஷன், மறுபடி எழுந்து வராதபடி ஆழமாகப் புதைக்கப்பட வேண்டியது என்ற கருத்தை அவர் எழுதியிருந்தார்.

அந்த 1976 தீர்ப்பு என்ன சொன்னது என்று இளைய வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. விசாரணையில்லாமல் சிறையில் அடைக்கப்பட்டவர்கள் ஹைகோர்ட்டுகளில் ஆட்கொணர்வு மனு போட்டார்கள். ஒன்பது ஹைகோர்ட்டுகள் மனுவை விசாரிக்கலாம் என்றன. மத்திய அரசு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. நெருக்கடி நிலை இருக்கும்வரை கைது செல்லுமா என்று கேட்டு எவரும் கோர்ட்டுக்கு வர முடியாது என்று ஐந்தில் நான்கு நீதிபதிகள் சொன்னார்கள். விசாரணையின்போது நீதிபதி எச்.ஆர். கன்னா கேட்ட கேள்வி பிரசித்தம்: ஒரு போலீஸ் அதிகாரி சொந்தப் பகையில் ஒருவரைக் கொன்றுவிட்டால் அதற்கும் பரிகாரம் கிடையாதா? நெருக்கடி நிலை நீடிக்கும்வரை கிடையாது என்றார் அட்டர்னி ஜெனரல் நிரேன் டே. கன்னா ஒருவர் மட்டும் மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். அடுத்த ஜனவரியில் அவரைத் தாண்டி ஜூனியரான பேக் தலைமை நீதிபதி ஆக்கப்பட்டார். கன்னா ராஜினாமா செய்தார்.

அன்றைய தேதியில் பிறழ்ந்தவர் யார்? எண்ணிப் பார்த்தால் நாலுக்கு ஒன்று, கன்னாதான். திட்ட விலக்கம் போட்டிருந்தால் சராசரியிலிருந்து வெகுதூரம் தள்ளி நின்றவர் அவர்தான். 41 வருடம் கழித்து சராசரிதான் இடம் மாறியிருந்தது.

அந்தத் தீர்ப்பை 'பிறழ்வு' என்று மொழிபெயர்த்தபோது எனக்குக் கூச்சம் இல்லை. சொல்லைச் சொன்ன அதே நாளில் அதே கோர்ட் தீர்ப்பை ரத்து செய்துவிட்டது. அதற்கும் முன்பே, 1978-இல், 44-வது திருத்தம் வந்து, நெருக்கடி நிலையிலும் உயிர் வாழும் உரிமையை நிறுத்திவைக்க முடியாது என்று அரசியல் சட்டத்திலேயே எழுதிவிட்டது. ஆனால் நெருக்கடி நிலையையே மொத்தமாக இந்திய ஜனநாயகத்தின் ஓர் அபரேஷன் என்று மேடைகளில் சொல்வதைக் கேட்கும்போது கொஞ்சம் தயக்கம் வருகிறது. 352-வது பிரிவு சட்டப் புத்தகத்துக்கு வெளியிலிருந்து வரவில்லை. 'உள்நாட்டுக் குழப்பம்' என்று யார் வேண்டுமானாலும் நீட்டிக்கொள்ளக்கூடிய காரணம் அதில் முதலிலிருந்தே இருந்தது. அதை 'ஆயுதக் கிளர்ச்சி' என்று இறுக்கியதும் அந்த 44-வது திருத்தம்தான். வண்டி பாதையை விட்டு விலகியது என்பது பாதிக் கதை. பாதையிலேயே ஒரு திருப்பம் போட்டுவைத்திருந்தோம்.

ஒரு வருடத்துக்குச் சற்று அதிகமான காலம் கழித்து, 6 செப்டம்பர் 2018 அன்று, அதே கோர்ட்டிலிருந்து அதே சொல் எதிர்த் திசையில் வந்தது. வயது வந்தோர் தமக்குள் சம்மதத்தோடு கொள்ளும் உறவைக் குற்றமாக்கிய அளவில் 377-வது பிரிவு செல்லாது என்ற தீர்ப்பு. 1860-ஆம் வருடச் சட்டம். ஐந்து நீதிபதிகளில் ஒருவரான இந்து மல்ஹோத்ரா, தன்பாலீர்ப்பு என்பது 'அபரேஷன்' அல்ல, பாலியல்பின் ஒரு 'வேரியேஷன்'தான் என்று எழுதினார். பிற்பகலில் எங்கள் மேஜையில் முதல் வரைவு இப்படி வந்து நின்றது: 'இது விதிவிலக்கு அல்ல, மாறுபாடே'. படித்துப் பார்த்தால் ஒன்றும் புரியவில்லை. விதிவிலக்கும் மாறுபாடும் கிட்டத்தட்ட ஒன்றுதானே, எதை மறுத்து எதைச் சொல்கிறார் நீதிபதி?

அப்போதுதான் அஞ்சலட்டை எழுதியவரின் கோபம் எனக்கு முழுமையாகப் புரிந்தது. நீதிபதி மறுத்தது எண்ணிக்கையை அல்ல. எண்ணிக்கையில் குறைவு என்பதை அவர் மறுக்கவே இல்லை. நேரான பாதை ஒன்று இருக்கிறது, இவர்கள் அதிலிருந்து கெட்டு விலகியவர்கள் என்ற தீர்மானத்தைத்தான் மறுத்தார். 'பிறழ்வு அல்ல, இயல்பின் ஒரு வகை' என்று மாற்றினேன். தமிழில் 'பாலியல் பிறழ்வு' என்ற தொடர் எத்தனை வருடமாக எத்தனை பேர் முகத்தில் எறியப்பட்டிருக்கிறது என்பது தெரிந்தவர்களுக்கு அந்த ஒரு வரியில் 'பிறழ்வு' என்ற சொல்லே இடம்பெறுவது அவசியம் என்று பட்டது. எதை மறுக்கிறோமோ அதன் பெயரைச் சொல்லித்தான் மறுக்க வேண்டும். இங்கே பிராட்லியின் நட்சத்திரம் ஞாபகம் வந்தது. பார்க்கப்பட்டவர்கள் எங்கும் அலையவில்லை.

ஆக, காவல் மரணத்தில் இளக்கமாகப் போன சொல் இங்கே கடுமையாக வேண்டியிருந்தது. ஆங்கிலத்தில் ஒரே சொல் இரண்டையும் சுமக்கிறது. தமிழில் மொழிபெயர்க்கிறவன் ஒவ்வொரு தடவையும் முடிவெடுத்தாக வேண்டும். அந்த முடிவை வாக்கியத்தை மட்டும் வைத்துக்கொண்டு எடுக்க முடியாது என்பதுதான் சிரமம். ஏனென்றால் 'அபரேஷன்' என்பது நடந்த ஒன்றைப் பற்றிய சொல் போலத் தோன்றினாலும், நடக்காத எல்லாவற்றையும் பற்றிய சாட்சியம் அது. இதற்கு முன் பாதை நேராக இருந்தது, இதற்குப் பின்னும் நேராக இருக்கும் என்று அது சத்தியம் செய்கிறது.

கிரிக்கெட் ரசிகர்களுக்கு இது எளிதாகப் புரியும். 2020 டிசம்பர் 19 அன்று அடிலெய்டில் இந்திய அணி 36 ரன்னில் சுருண்டது. நம் டெஸ்ட் வரலாற்றில் அதைவிடக் குறைந்த ஸ்கோர் கிடையாது. அது ஓர் அபரேஷன் என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்போம். மெல்போர்னில் ஜெயித்து, சிட்னியில் டிரா செய்து, பிரிஸ்பேனிலும் ஜெயித்து 2-1 என்று தொடரை வென்று வந்தார்கள். 36 உண்மையிலேயே பிறழ்வுதான் என்று ஜனவரியில் ஒப்புக்கொண்டோம். 2024 அக்டோபரில் பெங்களூரில் நியூசிலாந்திடம் 46 ரன்னில் சுருண்டார்கள். உடனே 36-ஐ ஞாபகப்படுத்தி ஆறுதல் சொன்ன நண்பர்களில் நானும் ஒருவன். புனேவிலும் மும்பையிலும் சேர்த்து 3-0 என்று தோற்றார்கள். அந்தச் சொல்லுக்கு உரிமை கேட்க யாரும் வரவில்லை.

காவல் மரணத்துக்கு அந்தச் சொல் பொருந்துமா என்று பார்க்க நான் புள்ளிவிவரத்துக்குக்கூடப் போக மாட்டேன். விதிகளைப் பார்த்தாலே போதும். 1993 டிசம்பரில் தேசிய மனித உரிமை ஆணையம், காவலில் யார் இறந்தாலும் 24 மணி நேரத்துக்குள் தனக்குத் தகவல் வர வேண்டும் என்று எல்லா மாநிலங்களுக்கும் எழுதியது. 1996 டிசம்பரில் டி.கே. பாசு வழக்கில் சுப்ரீம் கோர்ட் கைது செய்யும்போது கடைப்பிடிக்க வேண்டிய 11 கட்டளைகளைப் பிறப்பித்தது. போலீஸ்காரர் பெயர்ப் பட்டை அணிய வேண்டும் என்பதிலிருந்து, கைதானவரை 48 மணி நேரத்துக்கு ஒருமுறை டாக்டர் பரிசோதிக்க வேண்டும் என்பதுவரை. 2020 டிசம்பரில் ஒவ்வொரு போலீஸ் நிலையத்திலும் லாக்கப், நுழைவாயில், வராந்தா என்று எல்லா இடத்திலும் கேமரா பொருத்தச் சொன்னது. எப்போதோ ஒருமுறை தவறி நடப்பதற்கு யாரும் இவ்வளவு படிவம் அச்சடிப்பதில்லை. ஹப்பிளில் ஒதுக்கித் தள்ளிய அந்த இரண்டு கருவிகள் மாதிரி, இவை பிழையைக் காட்டிக்கொண்டேதான் இருக்கின்றன.

நம் பழைய கதையில் ஓர் அரசன் உண்டு. நல்ல குலம், அதுவரை கெட்ட பெயர் இல்லாத ஆட்சி. ஒரு வழக்கில் விசாரிக்காமல் ஒருவனைக் கொல்லச் சொல்லிவிட்டான். உடைந்த சிலம்பிலிருந்து மாணிக்கப் பரல் தெறித்தபோது பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு எல்லாத் தகுதியும் இருந்தது, 'இது என் ஆட்சியில் ஒரு அபரேஷன்' என்று அறிக்கை விடுவதற்கு. வளைந்தது செங்கோல்தான் என்று சொல்லிச் சிங்காசனத்திலேயே உயிரை விட்டான். இன்றைய அதிகாரிகள் யாரும் அவ்வளவு தூரம் போக வேண்டாம். கோல் வளைந்தது என்று சொன்னால் போதும்.

2016-இல் ஆசிரியருக்கு நான் எழுதிய பதிலில் மன்னிப்புக் கேட்டு, 'விதிவிலக்கு' தவறு, 'பிறழ்வு' என்றிருக்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டிருந்தேன். அவரிடமிருந்து இரண்டாவது அட்டை வந்தது. 'பிறழ்வு சரி. ஆனால் அதிகாரி கேட்பது அது அல்ல. வழாநிலை, வழு, வழுவமைதி என்று மூன்று படித்திருப்பீர்கள். அவர் கேட்பது மூன்றாவது.'

படித்திருக்கிறேன். இலக்கணம் தவறாமல் பேசுவது வழாநிலை. தவறினால் வழு. தவறினாலும் தக்க காரணம் இருந்து பெரியோர் ஏற்றுக்கொண்டால் வழுவமைதி. அம்மா மகளை 'வாடா கண்ணா' என்று கூப்பிடுகிறாள். பால் வழுதான். ஆனால் பிரியத்தினால் சொன்னது, ஆகவே அமைதி. 'நாளைக்கு டெல்லி போகிறேன்' என்கிறோம். நாளை நடக்கப்போவதற்கு நிகழ்காலம் கூடாது. உறுதியினால் சொன்னது, ஆகவே அமைதி. உரையாசிரியர்கள் இதில் கறாரானவர்கள். மகிழ்ச்சி, உயர்வு, சிறப்பு, கோபம், இழிவு என்று காரணத்தைப் பெயர் சொல்லிக் காட்டாமல் எந்த வழுவையும் அமைத்துக்கொள்ள மாட்டார்கள். அந்த அட்டையின் கடைசி வரி: 'காரணம் என்னவென்று அவரைக் கேட்டு எழுதுங்கள்.' அதற்குக் கீழே, இடம் போதாமல் ஓரத்தில் செங்குத்தாக: 'தங்கள் கடிதத்தில் ஒரு ஆசிரியர் என்று உள்ளது. ஓர் ஆசிரியர்.'

போன வாரக் காப்பியில் வேறு ஓர் ஊர், வேறு ஓர் அதிகாரி, அதே சொல். நிருபரைக் கூப்பிட்டு, அந்த நிலையத்தில் இதற்கு முன் இப்படி நடந்ததுண்டா என்று விசாரிக்கச் சொன்னேன். இந்த ராத்திரியில் எங்கே விசாரிப்பது என்று சலித்துக்கொண்டார். பக்கத்தைப் பிடித்துவைக்க ஆசிரியரிடம் அரை மணி நேரம் வாங்கினேன். நிருபர் கூப்பிட்டார்: முன்பும் ஒன்று நடந்திருக்கிறது, அந்த வழக்கு இன்னும் முடியவில்லை. 'இது ஒரு பிறழ்வு என்றார் அதிகாரி' என்று எழுதி, பக்கத்திலேயே அந்தப் பழைய வழக்கைப் பற்றி ஒரு வாக்கியம் சேர்த்தோம். பக்கம் பன்னிரண்டே காலுக்குப் போயிற்று.